163 பழைய டிவியும் ஒரு தீபாவளி எக்ஸ்சேஞ்சும்

ஒட்டன்சத்திரத்தில் எனக்கு ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை இருக்கிறது. டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, ஃபேன், ஓரமாகக் கொஞ்சம் மொபைல். அப்பா காலத்தில் அது ரேடியோ ரிப்பேர் கடை. 2023 தீபாவளிக்கு "பழசைக் கொடுங்க, புதுசை எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டேன். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த 25 நாளில் வாங்கிப் போட்ட பழசை ஒழுங்காக வெளியே அனுப்ப எனக்கு ஏழு மாதம் ஆனது. கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 87,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்றே தெரியாமல் திண்டாடினேன். கடைக்காரர்கள் மட்டுமில்லை, அடுக்குமாடிச் சங்கத்திலோ கல்லூரியிலோ பழைய எலக்ட்ரானிக்ஸ் சேகரிக்கலாம் என்று யோசிக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நான் போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன், தப்பு அங்கேயே இருந்தது. தினக் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்ட கணக்கு அது. 10,000 ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும் பழைய டிவிக்கு 1,000 ரூபாய் கழிவு, டிவி ஓடினாலும் ஓடாவிட்டாலும். சின்னப் பொருள் வாங்கினால் மிக்ஸிக்கு 300, டேபிள் ஃபேனுக்கு 150. ஒரு விநியோகஸ்தர் போனில், "டிவிக்குக் கொடுக்கிற ஆயிரத்துல பாதியை நாங்க பாத்துக்கறோம் சார், போடுங்க" என்றார். எங்கள் ஊர்க் காயலான் கடை அண்ணனிடம் கேட்டேன். "கொண்டாங்க தம்பி, டிவிக்கு முந்நூறு முந்நூத்தம்பது பாத்துப் போட்டுக்கலாம்" என்றார். ஆக, 1,000 ரூபாய் கழிவில் என் கையிலிருந்து போவது வெறும் 200. அட, இவ்வளவுதானா என்று அன்றைக்கே பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டேன். தமிழில் தள்ளுபடிக்கும் கழிவு என்றுதான் பெயர், குப்பைக்கும் கழிவு என்றுதான் பெயர். பேனரில் பெரிய எழுத்தில் 'கழிவு' என்று போட்டபோது அது எந்தக் கழிவு என்று எனக்கு உறைக்கவில்லை.

விநியோகஸ்தர் சொன்னதும் வாய்ச்சொல், காயலான் கடை அண்ணன் சொன்னதும் வாய்ச்சொல். விநியோகஸ்தரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல்கூட வாங்கி வைக்கவில்லை. தீபாவளி முடிந்ததும் அவர், "அந்த ஸ்கீம் நம்ம ஏரியாவுக்கு அப்ரூவ் ஆகலை சார்" என்றார். 96 பில், பில்லுக்கு 500, மொத்தம் 48,000 ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. கம்பெனி பங்கு தருகிறது என்று யார் சொன்னாலும், எத்தனை பில் வரை, எந்தத் தேதி வரை, கிரெடிட் நோட் எப்போது என்று எழுத்தில் வாங்காமல் பேனர் அடிக்காதீர்கள். காயலான் கடை அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவரிடம் கேட்ட கேள்வியே தப்பு. "டிவி எடுப்பீங்களா" என்று கேட்டேன். "பிக்சர் டியூப் டிவி, நூறுக்கு மேல வந்தா, டியூபோட எடுப்பீங்களா" என்று கேட்டிருக்க வேண்டும். மாதத்துக்கு நாலு டிவி வந்தால் அவர் செம்பை உருவிக்கொண்டு கண்ணாடியை எங்காவது தள்ளிவிடுவார், யார் கண்ணிலும் படாது. 160 வந்தால் தள்ள இடமில்லை. கொஞ்சமாக இருக்கும்வரை சிக்கல் தெரியாது, அதனால் எப்போதும் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

நான் எதிர்பார்த்தது 40 டிவி. வந்தது 163. எப்படி என்று கேட்டால், நம் ஊரை நானே மறந்துபோனதுதான் காரணம். 2006-இல் தொடங்கி மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தார்கள், எல்லாம் 14 இன்ச் பிக்சர் டியூப். 2011-க்கு அப்புறம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. ஒரே காலத்தில் எல்லா வீட்டுக்கும் போன பொருள் ஒரே காலத்தில்தானே மூச்சை விடும்? எங்கள் தாலுகாவில் பரண்மேல் எத்தனை டிவி கிடக்கும் என்று இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் போதும், அந்தப் பேனர் வேறு மாதிரி இருந்திருக்கும். சேகரிப்பு நடத்தப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். உங்கள் பகுதி வீடுகளில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்ன வாங்கினார்கள், அரசு என்ன கொடுத்தது என்று பாருங்கள். நகரத்து அடுக்குமாடி என்றால் லேப்டாப், பிரிண்டர், மோடம் வரும், எங்களைப் போன்ற ஊர் என்றால் டிவியும் மிக்ஸியும்தான். இருபது முப்பது வீட்டில் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டாலே ஓரளவு கணக்கு கிடைத்துவிடும்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து கூட்டம். ஒரு பாட்டி தன் டிவிக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு கொண்டுவந்து இறக்கினார். முந்தின நாள் பூஜையில் இருந்ததாம். "ஒடைச்சுப் போட்றாத சாமி, நல்லா ஓடுச்சு" என்றார். சரி பாட்டி என்று சொன்னேன், அப்போது எனக்கு என்ன தெரியும். பரணிலிருந்து இறக்கியதை அப்படியே கொண்டுவந்தவர்களும் உண்டு, ஒன்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஒரு பில்லுக்கு ஒரு டிவி என்பதுதான் விதி. ஆனால் கடைப் பையன்கள், "பக்கத்து வீட்டுது ஒண்ணும் கெடக்குதுண்ணே, சும்மாவே வச்சுட்டுப் போறோம்" என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவந்ததை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டார்கள். 96 பில்லுக்கு 163 டிவி வந்தது இப்படித்தான். ஆஃபரிலேயே இல்லாத கிரைண்டர்கள் வந்தன. முதலமைச்சர் படம் ஒட்டிய மிக்ஸிகள் 118. செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், சார்ஜர், ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய போன். அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் வந்தால் வாங்காதீர்கள். அது வீட்டுக்காரர் சொத்து கிடையாது, கேபிள்காரரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியது. நான் தெரியாமல் வாங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தேடிப்போய்க் கொடுத்தேன். கடையில் இடம் போதாமல் வடக்குத் தெருவில் மாதம் 4,000 ரூபாய்க்கு ஒரு குடோன் பிடித்தேன். இரண்டு மாதம் போதும் என்று சொல்லித்தான் பிடித்தேன்.

அந்தப் போன் பெட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் நெடி. பார்த்தால் ஒரு போனில் பேட்டரி உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு புகைகிறது. பையன் சமயோசிதமாக வெளியே கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளிப் போட்டான், இல்லையென்றால் தீபாவளிச் சரக்கோடு கடையே போயிருக்கும். உப்பின பேட்டரி உள்ள எதையும் மற்றதோடு சேர்க்காமல் தனியாக மணல் வாளியில், வெளியில், நிழலில் வையுங்கள். கழற்றவோ குத்தவோ முயல வேண்டாம். பேட்டரிக் கழிவுக்கு விதிகளே வேறு, 2022-இல் தனியாக வந்தது. எடுக்கிறவர்களும் சில சமயம் வேறு ஆட்களாக இருப்பார்கள், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போன் கொடுக்கிறவர் முன்னாலேயே சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு அக்கா ஒரு வாரம் கழித்து வந்து கல்யாண ஃபோட்டோ கேட்டபோது அந்தப் பெட்டியைக் கொட்டித் தேடியது மறக்காது.

தீபாவளி முடிந்த வாரம் காயலான் கடை அண்ணன் இரண்டு பையன்களோடு குட்டியானை வண்டியில் வந்தார். மிக்ஸியையும் ஃபேனையும் மளமளவென்று ஏற்றினார், மோட்டாரில் செம்பு இருக்கிறதே. அதற்கு 14,000 ரூபாய் கிடைத்தது. டிவி எங்கேண்ணே ஏத்தலையா என்றேன். "முழுசா எனக்கு எதுக்குத் தம்பி, இங்கயே பிரிச்சிடறோம்" என்றார். குடோனுக்குப் பின்னால் பையன்கள் வேலையை ஆரம்பித்தார்கள். பாடியைக் கழற்றுவது, பிக்சர் டியூபின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி அங்கே மாட்டியிருக்கிற யோக் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருளை உருவுவது, டியூபைச் சுற்றி இருக்கிற வயரை உருவுவது, போர்டைப் பிடுங்குவது, டியூபைத் தூக்கி எறிவது. அரை மணி நேரத்தில் 14 டிவி. பதினாலாவதில் லட்சுமி வெடி மாதிரி ஒரு சத்தம். டியூபுக்குள் காற்றே கிடையாது, வெற்றிடம், சரியில்லாத இடத்தில் அடி பட்டால் உள்பக்கமாக நொறுங்கிக் கண்ணாடி தெறிக்கும். பையனுக்கு முழங்கையில் கிழித்துவிட்டது, நாலு தையல். நான் போதும் நிறுத்துங்க என்று கத்திவிட்டேன். அண்ணன் கோபித்துக்கொண்டு செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், உடைந்த கண்ணாடி என் கணக்கில்.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தக் கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று படித்தேன். அப்பா ரேடியோ மெக்கானிக், நான் டிவி விற்கிறவன், ஆனால் இது தெரியாது. டியூபுக்குள் உருவாகிற எக்ஸ்ரே வெளியே வராமல் தடுக்க, பின்பக்கத்துப் புனல் மாதிரி இருக்கிற கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு. முன்பக்கக் கண்ணாடியின் உள்ளே பூசியிருக்கிற மாவு வேறு விஷயம், அதையும் மூச்சில் இழுக்கக்கூடாது. வெளியே கார்த்திகை மழை கொட்டுகிறது, குடோனுக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டக்காரர் கிணறு. எனக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் நானும் கடைப் பையனும் கனமான கையுறை, முகக்கவசம் போட்டு, ஈரச் சாக்கால் நனைத்து நனைத்து (காய்ந்தபடி கூட்டினால் தூசி பறக்கும்) எல்லாவற்றையும் அள்ளி மூடியுள்ள டிரம்மில் போட்டோம். மேல் மண்ணையும் ஒரு இஞ்ச் சுரண்டி எடுத்தோம். குடோன்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, எங்க எடத்தை ஆஸ்பத்திரிக் குப்பை மாதிரி ஆக்கிட்டீங்க" என்றார். பதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். டிசம்பரில் ஒருவர் தானாகவே போன் செய்தார், பெயர் சொன்னார், ஊர் சொல்லவில்லை. டிவிக்கு 60 ரூபாய், ரொக்கம், நாங்களே ஏற்றிக்கொள்வோம் என்றார். எல்லோரும் எடுக்க மாட்டேன் என்கிறபோது காசு கொடுத்து எடுக்க ஒருவர் வந்தால் கடவுளே வந்த மாதிரி இருக்கும். 38 டிவி ஏற்றினார், 2,280 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். சர்ட்டிஃபிகேட் ஏதாவது தருவீங்களா என்றேன். "என்ன பேருல வேணும்னு சொல்லுங்க சார், அடிச்சுத் தர்றேன்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதுமே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அந்த 38 டிவி எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் கண்ணாடியாகக் கிடக்கலாம், வயரை எரித்துச் செம்பு எடுத்திருக்கலாம். அதில் ஒன்று அந்தப் பாட்டியுடையதாகவும் இருக்கலாம். மறுபடி அவர் போன் செய்தபோது எடுக்கவில்லை. பிக்சர் டியூப் டிவியை முழுதாக ஒழுங்காகப் பிரித்து, ஈயக் கண்ணாடியை முறையாக அனுப்பினால் செலவுதான் மிஞ்சும். அதற்கு ஒருவர் காசு கொடுக்கிறார் என்றால், செலவாகிற பகுதியை அவர் செய்யப்போவதில்லை. இதை நான் 2,280 ரூபாய்க்குக் கற்றுக்கொண்டேன்.

ஜனவரியில்தான் புத்தி வந்து முறையாகத் தேட ஆரம்பித்தேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மின்கழிவுக்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் பட்டியல் அதில் கிடைக்கும். மாநில வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். நான் திண்டுக்கல் அலுவலகத்துக்குத் தயங்கித் தயங்கித்தான் போனேன், நம்மையே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, உட்காரவைத்து விளக்கினார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தெந்த வகைப் பொருளுக்குப் பதிவு, ஆண்டுக்கு எத்தனை டன், எந்தத் தேதி வரை செல்லும், ஆலை எந்த முகவரியில் என்று பார்க்க வேண்டும். பழுதுபார்த்து விற்பதற்குப் பதிவு வாங்கியவர் வேறு, மறுசுழற்சி செய்கிறவர் வேறு. விசிட்டிங் கார்டில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாமல் பட்டியலில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, "இவர் உங்கள் ஆள்தானா" என்று கேளுங்கள். எனக்குக் கார்டு கொடுத்த இரண்டு பேரில் ஒருவரைப் பற்றி அந்த நிறுவனத்தில், அப்படி யாரும் இங்கே இல்லையே சார் என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. இந்தியாவில் மின்கழிவு விதிகள் முதலில் 2011-இல் வந்தன, பிறகு 2016, இப்போது இருப்பது 2022 விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய 21 வகைப் பொருள் 106 ஆகிவிட்டது. 2016 விதிகளில் என்னைப் போன்ற டீலருக்கும் திரும்பப் பெறுவதில் ஒரு பங்கு இருந்தது. இப்போது பதிவு செய்ய வேண்டியவர்கள் நாலே வகை: தயாரிப்பவர், தன் பிராண்டில் சந்தைக்குக் கொண்டுவருகிறவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்கிறவர். பிராண்டுக்காரர்களுக்கு இவ்வளவு மறுசுழற்சி ஆக வேண்டும் என்று ஆண்டுதோறும் இலக்கு உண்டு, 2023-24-க்கு 60 சதவீதம், படிப்படியாக ஏறி 2027-28-இல் 80. அதை அவர்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கி நிறைவேற்றலாம். சரி, அப்படியென்றால் என் டிவியை எடுக்க ஆள் வரிசையில் நிற்க வேண்டுமே, ஏன் நிற்கவில்லை? விசாரித்ததில் தெரிந்தது, அந்தச் சான்றிதழ் கணக்கு தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று மீட்கிற உலோகத்தை வைத்து நடக்கிறது. ஈயக் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. ஒரு மறுசுழற்சி நிறுவனத்தில் போன் எடுத்த பெண் வெளிப்படையாகவே சொன்னார்: "போர்டு மட்டும் இருந்தா நாங்களே வண்டி அனுப்புவோம் சார். டியூபுன்னா நீங்கதான் அனுப்பணும், கிலோவுக்கு எட்டு ரூபாய் நீங்கதான் தரணும்." பாதி டிவிகளின் பிராண்டுகள் இப்போது டிவியே செய்வதில்லை, அவர்களிடமும் போக முடியாது.

இந்த இடத்தில்தான் என் மரமண்டைக்கு விளங்கியது. நான் வாங்குகிற முனையிலிருந்து திட்டம் போட்டேன், போட வேண்டியது கடைசி முனையிலிருந்து. எந்தப் பொருளை யாரும் விரும்ப மாட்டார்களோ அதற்கு முதலில் ஆள் பிடித்து, விலை பேசி, எழுத்தில் வாங்கி, லாரிக்கும் விலை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு பேனர் அடிக்க வேண்டும். மிக்ஸி மோட்டாருக்கும் போர்டுக்கும் எப்போதும் ஆள் இருப்பார்கள், அது திட்டமே இல்லாமல் போகும். என் மனைவி இதை நவம்பரிலேயே ஒரு வரியில் சொன்னாள், "பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி மறுவீட்டுச் செலவையும் சேத்துத்தான கணக்குப் போடுவாங்க" என்று. அப்போது சிரித்தேன்.

எனக்குச் சரிப்பட்ட ஆலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், நானூறு கிலோமீட்டர் சொச்சம். ஒரு டன்னுக்குக் குறைந்தால் உள்ளேயே விடமாட்டார்கள். காய்கறி லாரியில் திரும்புகாலில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தேன், எங்கள் ஊர் மார்க்கெட்டில் லாரிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நாளைக்கு முருங்கைக்காய் ஏற்றப்போகிற வண்டியில் இதை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள், நியாயம்தான். பங்குனி, சித்திரை கல்யாண சீசன், தேர்தல், அது இதென்று தள்ளிப்போய் மே மாதம் நடுவில்தான் வண்டி அமைந்தது. ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிவியை அடுக்கும்போது திரையும் திரையும் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் அட்டை, மூன்று வரிசைக்கு மேல் வேண்டாம், கழுத்துப் பக்கம் எதுவும் அழுத்தக்கூடாது. வயரை நறுக்காதீர்கள், பாடியைக் கழற்றாதீர்கள். முழுசாக இருந்தால் ஒரு விலை, யோக் உருவியிருந்தால் வேறு விலை. உடைந்த கண்ணாடிக்கு அவர்கள் கிலோவுக்கு 15 ரூபாய் கேட்டார்கள், முழு டிவிக்குக் கேட்டது போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிளம்பும் ஊரில் ஓர் எடை மேடைச் சீட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்று, இரண்டையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். டெலிவரி சலானில் வெறுமனே 'ஸ்கிராப்' என்று எழுதாமல் வகைவாரியாக எண்ணிக்கையும் எடையும் எழுதுங்கள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள், அந்தச் சலான்தான் காப்பாற்றியது.

லாரியில் நானும் ஏறிப் போனேன். 38 டிவி விஷயத்துக்குப் பிறகு யாரையும் நம்பும் தைரியம் இல்லை. போனது நல்லதாயிற்று. அங்கே பிக்சர் டியூபைச் சுற்றிப் பட்டை கட்டின மாதிரி ஒரு கம்பியைக் கட்டிச் சூடேற்றுகிறார்கள், முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் பிரிகிற கோட்டில் டக்கென்று விட்டுவிடுகிறது. முன்பக்கம் தனி, ஈயம் உள்ள பின்பக்கம் தனி. உள்ளே இருக்கிற மாவை உறிஞ்சு குழாய் வைத்து எடுக்கிறார்கள். எங்கள் குடோனுக்குப் பின்னால் சுத்தியலால் செய்ததையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்து வெட்கமாக இருந்தது. எடை போட்டு, மறுசுழற்சிச் சான்று என் கடைப் பெயரில் எடையோடு வந்தது, அதற்கு இன்னும் பத்து நாள் ஆனது.

செலவைச் சொல்லிவிடுகிறேன், யாராவது திட்டம் போட உதவும். தள்ளுபடியாகக் கொடுத்ததில் என் பங்கைச் சேர்க்கவில்லை, அது வியாபாரச் செலவு. குடோன் ஏழு மாதம் 28,000. லாரி 16,500. ஏற்று கூலி, இறக்கு கூலி 3,200. மீதி இருந்த 111 டிவி 1,390 கிலோ, கிலோ எட்டு ரூபாய் வீதம் 11,120. உடைந்த கண்ணாடி டிரம் 95 கிலோவுக்கு 1,425. அங்கேயே டிவிடி பிளேயர், போன், சார்ஜர் எல்லாம் சேர்த்து 210 கிலோவுக்கு அவர்கள் எனக்கு 25 ரூபாய் வீதம் 5,250 கொடுத்தார்கள், அதைக் கழித்தால் ஆலைக்கு நான் கட்டியது 7,295. விநியோகஸ்தர் தராமல் போன 48,000. இதில் காயலான் கடையிலிருந்து வந்த 14,000-ஐயும் அந்த ரொக்கக்காரர் கொடுத்த 2,280-ஐயும் கழித்தால் 86,715 ரூபாய். பையனின் தையல் செலவு, தோட்டக்காரரைச் சமாதானப்படுத்த இரண்டு முறை போனது, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கணக்கில் இல்லை. கவனித்துப் பார்த்தால் மறுசுழற்சிக்கு ஆன செலவு ரொம்பக் குறைவு. பணத்தைத் தின்றது குடோன் வாடகையும் வாய்ச்சொல்லும்தான். லாரியும் ஆலையும் முதலிலேயே பேசி வைத்திருந்தால் ஒரு மாத வாடகையோடு முடிந்திருக்கும்.

2024 தீபாவளிக்கும் எக்ஸ்சேஞ்ச் போட்டேன், விட மனசில்லை. ஜூலையிலேயே ஆலையில் விலை பேசி மின்னஞ்சலில் வாங்கினேன், வண்டிக்கு நவம்பர் முதல் வாரத்தில் ஒரு தேதி குறித்தேன். பிக்சர் டியூப் டிவிக்குக் கழிவு 400-ஆகக் குறைத்தேன், பில்லுக்கு ஒன்று, டோக்கன் 80, அதோடு சரி. பக்கத்து வீட்டு டிவியை வாங்கக்கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன், வாங்கினால் உங்கள் வீட்டில்தான் வைப்பேன் என்றும் சொன்னேன். பழனியிலும் தாராபுரத்திலும் தெரிந்த இரண்டு கடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டேன், மூன்று பேர் சரக்கும் ஒரே லாரி, வாடகை மூன்றாகப் பிரிந்தது. மிக்ஸி மோட்டார், போர்டு எதையும் உள்ளூரில் விற்காமல் டியூபோடு சேர்த்தே ஆலைக்கு அனுப்பினேன். நல்லதைத் தனியாக விற்றுவிட்டு வேண்டாததை மட்டும் அனுப்பினால் அவர்களும் காசு கேட்கத்தான் செய்வார்கள். எல்லாம் சேர்த்து அனுப்பியதில் என் பங்குக்குக் கையிலிருந்து போனது 6,000 ரூபாய்க்குள். காயலான் கடை அண்ணனுக்கு வருத்தம்தான். ஏற்றிக் கட்டுகிற வேலையை அவர் பையன்களுக்கே கொடுத்தேன், அந்த நாலு தையல் போட்ட பையனும் வந்திருந்தான்.

கிரைண்டர் கல்லை மட்டும் ஆலைக்காரரும் எடுக்கவில்லை, காயலான் கடையும் எடுக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 31 கல். மழைத் தண்ணீர் தேங்குகிற இடம் என்று குடோன்காரர் வாசலிலிருந்து கேட் வரைக்கும் அதை வரிசையாகப் பதித்துவிட்டார். வாடகை பாக்கி கொடுக்கப் போகும்போதெல்லாம் அதன்மேல் கால் வைத்துத்தான் போகிறேன்.